உள்ளே எண்பது, வெளியே முப்பது

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்தொன்று. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் குழலியம்மாவை நேரில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

கயத்தாறுக்கு அந்தப்பக்கம், காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில் அவருடைய ஆசிரமம் இருந்தது. நாலு அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. காற்று மட்டும் தாராளம். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும்.

சீடர் ஆவுடையப்பன் பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போடுகிற சத்தத்தில் டிப்போவே நடுங்கும். வீட்டிலும் அதே தொண்டைதான். தாயில்லாத ஒரே மகள் செண்பகா, கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் வீட்டார் பேச வந்த அன்று இவர் காப்பித் தட்டைத் தூக்கி எறிந்தார். பையனின் அம்மா சேலையெல்லாம் காப்பி. அந்த வெட்கம் தாங்காமல்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்து எட்டு மாதம். யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவர் ஒரு சின்னத் தொட்டிச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபிட்டோனியா என்று பெயர் சொன்னார். பச்சை இலையில் வெள்ளை நரம்பு ஓடும். மழைக்காட்டில், பெரிய மரங்களின் காலடியில் வளர்கிற சாதி. குழலியம்மா அதை ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"உங்க அறையில வச்சுப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

பொட்டல் காற்று பட்டதும் செடி மயங்கி விழுந்தது. ஆவுடையப்பன் இலைமேல் தண்ணீர் தெளித்தார். தெளித்து முடிப்பதற்குள் காய்ந்தது. தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்தார். ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டினார். டவுனுக்குப் போய் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர் வாங்கிவந்தார். அது முப்பது என்றது. ஈரம் பார்த்தே பழகிய செடிக்கு முப்பது எந்த மூலைக்கு?

கடைசியில் மிட்டாய்க் கடையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வாங்கிவந்து செடியின்மேல் கவிழ்த்தார். உள்ளே மீட்டரையும் வைத்தார். ஜாடிச் சுவரில் முத்து முத்தாக ஈரம் கோத்தது. மீட்டர் எண்பதுக்கு ஏறியது. செடி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் செண்பகா போன் செய்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று.

"தாலி கட்டும்போது நீங்க பக்கத்துல நிக்கணும்ப்பா. வாங்கப்பா."

அவர் போனை வைத்தார். நேரே குருவிடம் போனார். அவரை அறைக்கு அழைத்துவந்து ஜாடியைக் காட்டினார்.

"பாத்தீங்களாம்மா? உள்ள எண்பது, வெளிய முப்பது."

"நல்லா இருக்கே அண்ணாச்சி."

"நானும் இப்படித்தாம்மா. இங்க இருக்கவும்தான் மனுசனா இருக்கேன். மக கல்யாணத்துக்கு வாங்கப்பான்னு கூப்பிடுதா. அங்க போனா பந்தல்காரன் ஒண்ணு சொல்லுவான், சம்பந்தி ஒண்ணு சொல்லுவாரு. எனக்குக் கோவம் வந்துரும். பிள்ளைக்குக் கல்யாணம் நாறிப்போகும். நான் போகாம இருக்கதுதான் அவளுக்கு நல்லது. நீங்க உத்தரவு குடுக்கணும்."

குழலியம்மா உத்தரவு கொடுக்கவில்லை. ஜாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஊறுகாய் போட ஒண்ணு வேணும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு நடந்தார்.

மத்தியானத்துக்குள் செடி துவண்டு தொட்டி விளிம்பில் தொங்கியது. ஆவுடையப்பன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும் செடியப் பத்தி? நல்லா இருந்ததக் கொன்னு போட்டீங்களே!"

அது டிப்போ குரல். பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே போட்டார். கூடத்தில் கண் மூடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். குருவிடமே கத்திவிட்டோமே என்று ஆவுடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டார்.

குழலியம்மா மாங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நல்ல சத்தம் அண்ணாச்சி. எட்டு மாசமா எங்க வச்சிருந்தீய?"

அவர் தலை குனிந்தார்.

"செடி சாகல. தண்ணி ஊத்தி, இந்த ஜாடியவே மேல கவுத்துங்க. மூடும்போது விளிம்புக்கு அடியில ஒரு சின்னக் கல்லு வைங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு அதவிடப் பெரிய கல்லு."

"சரிம்மா."

"நாளையில இருந்து பந்தியில குழம்பு நீங்க ஊத்துங்க."

பந்தி என்றால் ஆசிரமத்து ஆட்கள் மட்டும் இல்லை. லாரி டிரைவர்கள், காற்றாலை வேலையாட்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று ஒரு கூட்டமே வந்து உட்காரும். யாருக்கும் யாரிடமும் மரியாதை கிடையாது. பசி அப்படி.

முதல் நாளே ஒருவன், "யோவ் பெரிசு, தூங்குதியா? குழம்பு எங்கவே?" என்றான்.

ஆவுடையப்பன் வாளியை நங்கென்று வைத்தார். "எவம்ல அது?" என்று கத்தினார். அப்புறம் வெளியே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அவன் இலையில் குழம்பு ஊற்றினார். மூஞ்சியைப் பார்க்கவில்லை, ஆனால் ஊற்றினார்.

அடுத்த வாரம் தண்ணீர் குடிக்க வெளியே போகாமலே சமாளித்தார். அதற்கடுத்த வாரம் மறுபடி ஒருநாள் கத்தினார். அறையில் கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. செடியில் இரண்டு இலை ஓரம் கருகி உதிர்ந்தன. புதிதாக விட்ட இலைகள் முன்னைவிடச் சின்னவை. தொட்டுப் பார்த்தால் தடிப்பாக இருந்தன. ஜன்னலைவிட்டுத் தள்ளி, தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் செடி ஜாடி இல்லாமலே நிற்கத் தொடங்கியது. மீட்டர் நாற்பதைத் தாண்டவில்லை. அவரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். குழலியம்மாவும் கூட வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்ததும் ஆவுடையப்பனுக்குக் கால் பின்வாங்கியது.

"அம்மா, இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாமோ? நான் இன்னும் சரியா பழகல."

"கல்யாணம் நாளைக்கு அண்ணாச்சி."

"அங்க போயி கோவம் வந்துட்டா?"

"வரும்."

"வருமா!"

"வராம எங்க போகும்?"

அவருக்குக் கண் கலங்கியது. "அந்தக் காத்துல நான் தாங்குவேனாம்மா?" என்றார்.

குழலியம்மா கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார்.

"எந்தக் காத்து அண்ணாச்சி? அந்த வீட்டுல காத்து நீங்க. அதுல ஜாடி இல்லாம வளந்தவ, வாங்கப்பான்னு கூப்பிடுதா. ஏறுங்க."