பன்னிரண்டுக்கு நாலு

“எந்த ப்ரொப்பெல்லர் போட்டா என் விமானம் எல்லாரையும் முந்தும்?” என்று கேட்டார் சவரிமுத்து.

வகிதா குனிந்து அந்த விமானத்தின் இறக்கையைத் தடவிப் பார்த்தார்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு வெளியே, உலகப் போர்க்காலத்தில் போட்டு அப்படியே விட்டுப்போன பழைய ஓடுபாதை அது. ட்ரோன்கள் இன்னும் வராத காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவால் இயக்கும் சின்ன விமானங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் அங்கே சேரும்.

அந்தக் கூட்டத்துக்கு ஆசான் வகிதா. டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கல்லூரி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்து, மாதிரி விமானப் போட்டிக்கு டெல்லிவரை போய்ப் பதக்கத்தோடு திரும்பியவர்.

சவரிமுத்து அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். விரைவுப் பேருந்து ஓட்டுநர். திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் நடுவில் தன் வண்டியை எவனும் முந்தியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் விமானமும் செய்தார். லேசான பால்சா மரம், ஒரு ஆள் கையை விரித்தால் வரும் நீளத்துக்குத் தடித்த, அகலமான இறக்கை.

வகிதா தன் பெட்டியைத் திறந்து இரண்டு ப்ரொப்பெல்லர்களை எடுத்து வைத்தார்.

ஒன்றில் பத்துக்கு ஏழு என்று பொறித்திருந்தது. இன்னொன்றில் பன்னிரண்டுக்கு நாலு. முதல் எண், அங்குலக் கணக்கில் நீளம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு அது காற்றைத் திருகிக்கொண்டு எவ்வளவு முன்னே போகும் என்பது.

“அப்போ ஏழுதான் வேகம்” என்றார் சவரிமுத்து.

“ஆமாண்ணே.”

சவரிமுத்து பத்துக்கு ஏழு என்ற குட்டையை மாட்டினார். எஞ்சின் வீறிட்டது. ஓடுபாதையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. சவரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விமானம் பாதையில் முக்கால்வாசியை ஓடித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தது. எழுந்த பிறகும் தள்ளாடியது. அன்றைய பந்தயத்தில் கடைசி.

அடுத்த வாரம் முறையிட்டார். எஞ்சினில் குறை இருக்கும், எண்ணெயில் குறை இருக்கும், வேறு எஞ்சின் வாங்கலாமா என்று கேட்டார்.

“வாலைப் பிடிங்க” என்றார் வகிதா.

குட்டை ப்ரொப்பெல்லரோடு எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டார். காது கிழிந்தது. சவரிமுத்து வாலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினை நிறுத்தி, நட்டைக் கழற்றி, நீளமானதை மாட்டினார். இந்த முறை வீறிடல் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான். ஆனால் வால் விரலை விட்டு உருவப் பார்த்தது. சவரிமுத்து இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி நிற்க வேண்டியிருந்தது.

எரிபொருளில் கலந்த ஆமணக்கெண்ணெயின் புகை கலைந்ததும் வகிதா அவர் முகத்தைப் பார்த்தார்.

“நீளம்தான் இழுக்குது” என்று ஒத்துக்கொண்டார் சவரிமுத்து. பிறகு, சத்தமே இல்லையே என்றார். முனை புல்லில் அடிக்கும் என்றார். இதைப் போட்டுக்கொண்டு பறந்தால் மாட்டு வண்டி என்று சிரிப்பார்கள் என்றார்.

“வேகம் வேணும்னு கேக்குறது நீங்களா அண்ணே, இந்தத் தடிச்ச இறக்கையா?”

சவரிமுத்து குட்டையையே திரும்ப மாட்டிக்கொண்டார். வகிதா தடுக்கவில்லை.

அவருக்கு நேரடியாகச் சொல்லிவிடலாமே என்று மற்றவர்கள் வகிதாவிடம் கேட்டார்கள்.

“அவர் பஸ் ஓட்டுறவர். ஏத்தம் வந்தா யாரும் சொல்லாமலே கியர் மாத்துவார்” என்றார் வகிதா.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தென்பெண்ணை கரை தொட்டு ஓடியது. ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் செங்கல் சூளை. வேலை செய்த குடும்பங்கள் திட்டிலேயே மாட்டிக்கொண்டன. தண்ணீர் திட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது.

தீயணைப்புப் படகு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் வெள்ள இழுப்பில் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்பியது. திட்டில் இருக்கும் நாவல் மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே படகைக் கொண்டுபோய்விடலாம். ஆனால் கயிற்றை அங்கே சேர்ப்பது எப்படி? வீசிப் பார்த்தார்கள். கால்வாசி தூரம்கூடப் போகவில்லை.

யாரோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நினைவுபடுத்தினார்கள். ஜீப் வந்தது.

மீன் பிடிக்கும் நைலான் நரம்பை ஒரு விமானம் திட்டுக்கு இழுத்துப் போனால் போதும். நரம்பின் முனையில் சணல், சணலின் முனையில் கயிறு. வகிதாவின் விமானங்கள் பந்தயத்துக்கானவை, குருவி மாதிரி. அவ்வளவு நீள நரம்பைச் சுமக்கும் இறக்கை சவரிமுத்துவின் விமானத்துக்கு மட்டும்தான் இருந்தது.

சவரிமுத்து கட்டுப்பாட்டுக் கருவியை வகிதாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“இதை ஓட்டிப் பழகின கை உங்களோடது. நான் நரம்பைப் பாக்குறேன்.”

பிறகு பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. நரம்பைச் சிக்கில்லாமல் கரையில் வளைத்து வளைத்துப் போடப் போய்விட்டார்.

சவரிமுத்து பெட்டியைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். ஜனங்கள் கரை நெடுக நின்றார்கள். திட்டில் ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாட்டியிருந்த குட்டையைக் கழற்றினார். பன்னிரண்டுக்கு நாலை எடுத்தார். மெல்லிய கம்பியில் கோத்துப் பிடித்து, எந்தப் பக்கம் கனத்துத் தாழ்கிறது என்று பார்த்தார். அந்தப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். சீக்கிரம், சீக்கிரம் என்று பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை அவர் தேய்த்தார். அப்புறம்தான் நட்டை முறுக்கினார்.

கரைமேல் இருந்த தார்ச்சாலையில் விமானம் கொஞ்ச தூரமே ஓடியது. எழுந்துவிட்டது.

நரம்பு வகிதாவின் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆற்றுக்கு மேலே போகப் போக, பின்னால் தொங்கும் நரம்பின் கனம் கூடியது. விமானம் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பாதி வழியில், காற்றில் ஆணியடித்து மாட்டிய மாதிரி நின்றது.

விழப்போகிறது என்று கூட்டம் முனகியது.

சவரிமுத்துவின் கட்டைவிரல் துடித்தது. மூக்கைத் தூக்கு, தூக்கு என்றது. தூக்கினால் இருக்கிற வேகமும் போய் விழுந்துவிடும்; அவர் தூக்கவில்லை. வாழ்நாளில் எதையும் இவ்வளவு மெதுவாக அவர் ஓட்டியதில்லை. அந்தக் கனத்த குரல் மாறாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நம்பினார்.

விமானம் நிற்கவில்லை. அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தது.

சூளைக்கு மேல் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். அது செங்கல் அடுக்கில் போய் இடித்து இறக்கை முறிந்தது. திட்டில் இருந்தவர்கள் ஓடிப்போய் நரம்பைப் பிடித்து இழுத்தார்கள்.

நரம்பு போனது, சணல் போனது, கயிறு போனது. நாவல் மரத்தில் முடிச்சு விழுந்தது. படகு புறப்பட்டது.

தீயணைப்பு அதிகாரி வகிதாவிடம் வந்து, ஓட்டினவர் யார் என்று விசாரித்தார். நரம்பு அறுத்து வகிதாவின் விரல்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார்.

“என்கிட்ட கத்துக்கிட்டவர்” என்றார்.

அப்படி அவர் யாரையும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

படகு போய்ப் போய் வந்தது. ஒருவர்கூட விடுபடாமல் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். கடைசிப் படகில் அஞ்சலை என்ற சூளைக்காரப் பெண் வந்தாள். அவள் மடியில் முறிந்த இறக்கை இருந்தது. சட்டி பானையெல்லாம் விட்டுவிட்டு அதை எடுத்து வந்திருந்தாள்.

இறங்கியதும், இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்து சவரிமுத்துவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டும் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள்.

“இது எவ்ளோ வேகமாண்ணா போகும்?”

சவரிமுத்து இறக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாப் போகும்மா” என்றார், கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “இதைவிட மெதுவா எதுவும் போகாது.”