முதல் மிடறு

நாவல்காட்டுக் குட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுத்தண்ணீர் வந்தால் யாரும் சட்டென்று வாய் வைக்கக் கூடாது. முதலில் நரி ஒரு மிடறு குடிக்கும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பொழுது சாயும்வரை நரி சுருண்டு விழாவிட்டால் தண்ணீர் நல்லது. அப்புறம் குடிக்கலாம், குளிக்கலாம், குட்டிகளை இறக்கி விடலாம்.

எந்தக் காலத்திலோ விஷக்காய் விழுந்த தண்ணீரைக் குடித்து ஒரு மந்தையே செத்ததாம். அதிலிருந்து வந்த வழக்கம். விஷம் என்றால் அன்றைக்கே கொல்லும் என்று அந்தக் காடு நம்பியது. வேறு விதமான விஷத்தை அது பார்த்ததில்லை.

உயிரைப் பணயம் வைக்கிற வேலையாயிற்றே! நரியார் சும்மா செய்வாரா? அடுத்த புதுத்தண்ணீர் வரும்வரை அவருக்குச் சாப்பாடு போடுவது மற்றவர்கள் பொறுப்பு. மீன்கொத்தி மீன் கொண்டுவரும். காட்டுப்பன்றி நண்டு கொண்டுவரும். புள்ளிமான் நாவல் பழம் பொறுக்கிக் கொண்டுவரும். நரி மரத்தடியில் படுத்தபடியே தின்னும்.

அந்த வருஷம் காட்டுக்கு மேற்கே மேட்டில் மனிதர்கள் ஒரு சாயப்பட்டறை கட்டினார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்து ஒரு குழாய் குட்டைப் பக்கம் நீண்டது. நடுக்கோடையில், அடியில் சேறும் கொஞ்சம் தண்ணீருமாக வற்றிக் கிடந்த குட்டைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. லேசாகச் சிவந்த தண்ணீர்.

"சித்திரை வெயிலில தண்ணியா! நம்ம யோகத்தைப் பாருங்கடா!" என்று பன்றி குதித்தது.

மான் மட்டும் கரையிலேயே தயங்கி நின்றது. "நரியண்ணே, என் வயித்துல குட்டி இருக்கு. போன ரெண்டு கோடையிலும் தண்ணி இல்லாம குட்டி தங்கல. இதுவாவது தங்கணும். நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே!"

"நான் இருக்கேன்ல தங்கச்சி! கவலையை விடு!" என்றது நரி.

நரிக்கு விஷயம் தெரியும். முந்தின நாளே குழாய் வாயில் போய்ப் பார்த்திருந்தது. அங்கே புல் கருகிக் கிடந்தது. நத்தைகள் செத்துக் கிடந்தன. 'ஒரு மிடறுக்கு உயிர் போகாது. தண்ணி கெட்டதுன்னு சொன்னா என் சாப்பாடுதான் போகும். எனக்கென்ன, கரட்டுக்குப் பின்னாடி சுனை இருக்கு!' என்று நினைத்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஊறும் அந்தச் சுனை நரிக்கு மட்டுமே தெரியும். காடு முழுக்கக் குடித்தாலும் வற்றாத சுனை. அதைப் பற்றி அது மூச்சு விட்டதில்லை. படுபாவி!

நரி ஒரே ஒரு மிடறு குடித்தது. பொழுது சாய்ந்தது. நரி விழவில்லை. நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

"நல்ல தண்ணி! குடிங்கப்பா!"

எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

பத்து நாள் கழித்துத் தவளை கத்தத் தொடங்கியது. "ஐயோ, குடிக்காதீங்க! உங்களுக்கு வாய்தான் குடிக்குது, எனக்குத் தோலெல்லாம் குடிக்குது. உடம்பு எரியுது! என் தலைப்பிரட்டை எல்லாம் செத்து மிதக்குது. பிழைச்ச நாலுக்கும் வால் கோணல்!"

மான் பதறிப்போய் நரியிடம் ஓடியது. "அண்ணே, தவளையக்கா என்னென்னமோ சொல்லுதே!"

"கத்துறதுதானே அவ பொழப்பு! குடிச்சவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். "இன்னொரு தடவை கத்தினா மிதிச்சுடுவேன்!" என்று பன்றி மிரட்டியது. அப்புறம் ஒரு நல்ல மழை பெய்தும் குட்டையில் தவளைச் சத்தம் கேட்கவில்லை. "அப்பாடா, இப்பத்தான் நிம்மதி!" என்றார்கள். ஒரு வாய்கூட "அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. எனக்கு நரியைவிட இவர்கள்மேல்தான் ஆத்திரம்.

மான் குட்டி போட்டது. இந்த முறை குட்டி தங்கிவிட்டது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. நான்கு கால்களும் ஈர்க்குச்சி போல வளைந்திருந்தன. தாய் முட்டி முட்டித் தூக்கியது. குட்டி பொத்தென்று விழுந்தது. ஒரு மாதம் ஆகியும் அது படுத்த இடத்திலேயே கிடந்தது.

அங்கே ஒருநாள் நரி தள்ளாடி வந்தது. முடியெல்லாம் கொட்டி, உடம்பு முழுக்கப் புண். வாயில் பாதிப் பல் இல்லை.

"தங்கச்சி, எனக்கு ஏன் இப்படி ஆச்சு? நான் அந்த ஒரு மிடறுக்கு மேல குடிக்கவே இல்லையே!"

மான் நிமிர்ந்து பார்த்தது. "குடிக்கலையா? அப்போ எங்கே குடிச்சே?"

நரி தலையைக் குனிந்துகொண்டு சுனையைச் சொன்னது.

"அடப்பாவி! உனக்கு ஒரு தண்ணி, எங்களுக்கு ஒரு தண்ணியா!" மான் முன்னங்காலால் தரையை உதைத்தது. "நீ குடிக்கலைன்னா என்ன? அந்தத் தண்ணியில கிடந்த மீனைத் தின்னே. நண்டைத் தின்னே. அதை உறிஞ்சின மரத்துப் பழத்தைத் தின்னே. என் வாயாலதான் பொறுக்கிட்டு வந்து போட்டேன். அதுல எல்லாம் ஊறின விஷம் மொத்தமும் உன் வயித்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு!"

நரி தான் எப்போதும் படுத்துத் தின்ற மரத்தடிக்குத் தள்ளாடிப் போனது. அங்கேயே படுத்தது. பிறகு எழவில்லை.

மான் கரட்டை நோக்கி ஓடியது. சுனை தெளிந்து கிடந்தது. ஆனால் நிற்க முடியாத குட்டியை அவ்வளவு தூரம் எப்படிக் கூட்டிவருவது? மான் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு திரும்ப ஓடியது. வழியெல்லாம் ஒழுகியது. கடைசியில் மிஞ்சியதைக் குட்டியின் நாக்கில் விட்டது. குட்டி அதை விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று தாயின் முகத்தை நக்கியது.

மான் மறுபடி சுனைக்கு ஓடியது. திரும்பி வந்தபோது குட்டியின் வாய் திறக்கவில்லை.

நீதி: இன்றைக்குக் கொல்லவில்லை என்பதற்காக விஷத்தை நல்ல தண்ணீர் என்று சொன்னவனும், கத்தியவளின் வாயை அடைத்தவர்களும் செய்த தப்புக்கு, ஒரு பாவமும் அறியாத குட்டியும் சேர்ந்து சாகும்.