தலைப்பாகை குடித்த மழை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். தப்பாகச் சொல்லி, அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தால் யார் பதில் சொல்வது? ராஜாவின் பெயர் வீரகேது, அதில் சந்தேகமில்லை. சிரிப்பும் சீற்றமும் அவருக்கு ஒரே மூச்சில் வரும்.

கோடை முழுக்க மணலாய்க் கிடக்கும் அந்த ஊர் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது, ராஜாதான் முதலில் மஞ்சளும் பூவும் தூவி அழைக்க வேண்டும். வெள்ளம் என்றைக்கு வரும் என்று சொல்வது மந்திரியின் பொறுப்பு. அந்த வருஷம் பார்த்து மந்திரி பொன்னம்பலத்தாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவருக்குப் பதிலாகப் பேச, அவரோடு மனைவி உலகம்மையும் சபைக்கு வந்தாள். சோறு கொதிக்கும்போதே குழைந்துவிடுமோ என்று பதறுகிறவள். அவளை ராஜா முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும்!

மலையில் இரவெல்லாம் பெருமழை.

"ஆறு இன்று வருமா, அம்மா?" என்றார் ராஜா.

உலகம்மை முந்தானையை முறுக்கினாள். "வராதுன்னு நினைக்கிறேன், மகாராஜா. தப்பா இருந்தா மன்னிக்கணும்."

சபையில் விருப்பாட்சி என்று ஒருவர் இருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு ஒரு கண். தலையில் தேர்ச்சக்கரம் போலப் பெரிய தலைப்பாகை. அவர் கைகொட்டிச் சிரித்தார். "மலையே கரைகிற மழை! ஆறு வராமல் அடுப்படியிலா நிற்கும்? பிரபு, இப்போதே புறப்படுங்கள்!"

ராஜா பட்டு உடுத்தி மணலில் போய் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. வந்தது ஒரு நண்டு மட்டும்தான். பூக்கள் வாடின, ராஜாவின் முகமும் வாடியது. விருப்பாட்சிக்குக் கிடைத்த வசவை எழுத முடியாது.

சில நாள் கழித்து மலையில் லேசான தூறல். இப்போது விருப்பாட்சி முந்திக்கொண்டார்.

"பிரபு, அந்தப் பெருமழைக்கே வராத ஆறு இந்தத் தூறலுக்கா வரப்போகிறது? ஊரையே கூட்டி மணலில் விருந்து வைப்போம். குளிர்ந்த மணல், சுடச்சுடச் சோறு!"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

உலகம்மை கணக்குப் போட்டாள். பேசாமல் இருந்தால் குழந்தை குட்டிகளோடு ஊரே மணலில் உட்காரும். பேசித் தப்பாகிவிட்டால் கணவர் பதவி போய்விடும். கணவரைப் பார்த்தாள். அவர் கையைக் காலை ஆட்டினார், ஒன்றும் விளங்கவில்லை.

"மகாராஜா, வேண்டாம்! இன்றைக்கு ஆறு வரும்!"

ராஜா புருவத்தை நெரித்தார். "பெருமழைக்கு வராதாம், தூறலுக்கு வருமாம்! என்னம்மா, விளையாடுகிறாயா? வராவிட்டால் உன் வீட்டுக்காரர் இடம் விருப்பாட்சிக்கு. சம்மதமா?"

"சம்மதம்... அதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணீர் தரச் சொல்லுங்க. அப்படியே விருப்பாட்சி ஐயாவோட தலையையும் கொஞ்சம் தரச் சொல்லுங்க."

"என் தலையா!" என்று அலறினார் விருப்பாட்சி.

"வெட்டமாட்டேன் ஐயா, நனைக்கத்தான்."

ராஜா சிரித்துவிட்டார். தண்ணீர் வந்தது. உலகம்மை கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குடத்தைத் தலைப்பாகைமேல் சாய்த்தாள். அத்தனை தண்ணீரையும் துணி குடித்தது. விருப்பாட்சியின் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை.

"பார்த்தீர்களா, மீசைகூட நனையவில்லை!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர்.

"இன்னும் ஒரு செம்புதான் ஐயா" என்று ஊற்றினாள். அவ்வளவுதான். தண்ணீர் புருவத்தில் இறங்கி, மூக்கில் வழிந்து, மீசையைக் கவிழ்த்து, சட்டைக்குள் புகுந்தது. விருப்பாட்சி துள்ளினார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"முதல் மழை இப்படித்தான், மகாராஜா. காய்ந்த மண் குடிச்சுது. மிச்சத்தை மேலேயிருக்கிற ஏரிகள் ஒவ்வொண்ணும் இந்த மடிப்புகள் மாதிரி பிடிச்சு வச்சுது. நேத்து ஏரிப்பக்கம் இருக்கிற என் அண்ணன் வந்து சொன்னான், கடைசி ஏரியும் கரை தளும்ப நிக்குதாம். இனி வானம் தும்மினாலும் தண்ணீர் இங்கேதான் வரும்."

ராஜா எழுந்தார். "விருந்து கரைமேல்!"

இலை போட்டு, சாம்பார் ஊற்றி, சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வளைவுக்கு அப்பால் ஒரு இரைச்சல். சருகும் நுரையுமாய்ச் செந்நீர் உருண்டு வந்து மணலை மூடியது. ராஜா ரசம் ஒட்டிய கையோடு ஓடிப்போய்ப் பூத்தூவினார்.

"உலகம்மை! இனி வருஷா வருஷம் வெள்ளம் சொல்ல வேண்டியது நீதான். கழுத்து நிறையப் பொன் தருகிறேன்!"

உலகம்மை மறுபடியும் கணக்குப் போட்டாள். இந்த வருஷம் பலித்தது. அடுத்த வருஷம் அண்ணன் வராமல் போனால்?

"பொன் வேண்டாம், மகாராஜா. கடைசி ஏரிக்கரையில் ஒரு குடிசையும் ஒரு முரசும் போதும். ஏரி நிரம்பி வழிஞ்சதும் அங்கேயிருந்து அடிக்கணும். முரசு கேட்டதும் ஊர் மணலை விட்டு ஏறிடணும்."

"சரி. அடிப்பது யார்?"

"தண்ணீர் எப்ப வழியும்னு அனுபவத்தில் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இந்தச் சபையில் இருக்கார்" என்று தலை துவட்டிக்கொண்டிருந்த விருப்பாட்சியைக் காட்டினாள் உலகம்மை.

மறுநாளே அவர் முரசோடு வண்டியேறினார். அதன்பிறகு யாராவது, "அம்மா, ஆறு எப்ப வரும்?" என்று கேட்டால், உலகம்மை பதறுவதே இல்லை. "எனக்கென்ன தெரியும்? விருப்பாட்சி ஐயாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சோறு குழைந்துவிடப் போகிறதே என்று உள்ளே ஓடிவிடுவாள்.