பாலத்து அரக்கனும் சென்னியப்பனும்

ஈரோட்டில் மொபைல் கடைகளுக்கு நடுவே ஃபர்சானா ஒரு கேம் சென்டர் வைத்திருந்தாள். வயது இருபத்து நான்கு. அவளிடம் வீடியோ கேம் கற்றுக்கொள்ள வந்த சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. டிராக்டர் மெக்கானிக். ஓடவே ஓடாது என்று கைவிட்ட வண்டியையும் ஓட்டிக் காட்டுகிற மனுஷன், கையில் கண்ட்ரோலரைக் கொடுத்தால் பொத்தான் தேயத் தேயக் குத்துவார்.

அவர் படிக்க வந்தது ஒரே ஒரு விளையாட்டு. வாளோடு இரண்டு வீரர்கள் அரக்கர் கூட்டத்தை வெட்டிக்கொண்டே ஒரு பாலத்தைக் கடந்து மலைக்கோட்டை வரை போக வேண்டும். ஒருவர் செத்தாலும் ஆட்டம் முடிந்தது. புனேயில் வேலை பார்க்கும் மகன் தரணி ஞாயிறுதோறும் ஆன்லைனில் அவரோடு சேர்ந்து ஆடுவான். போனில் "சாப்டேன்ப்பா" என்பதோடு வைத்துவிடுகிற பையன், ஆட்டத்தில் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவான். அந்த ஒரு மணி நேரத்துக்காகச் சென்னியப்பன் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

போன ஞாயிறு அவன் சொல்லிவிட்டான்: "அடுத்த வாரமும் இப்படித் தோத்துட்டே இருந்தா நான் ஃப்ரெண்டுகூட ஆடிக்கறேன்ப்பா."

"நான் ஒருக்காகூட சாகலீங்க அம்மிணி. அவன்தான் பாலத்துல செத்துப் போறான். நான் இன்னும் வேகமா வெட்டோணுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

ஃபர்சானா இன்னொரு கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாலத்தில் கதாயுதத்தோடு அரக்கன் வந்தான். அவள் தடுக்காமல் நின்று அடி வாங்கி விழுந்தாள். அவளுடைய வீரன் தலைக்கு மேல், உயிர் போக மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் ஒரு சிவப்பு வளையம் சுருங்க ஆரம்பித்தது. சென்னியப்பனுக்கு ரத்தம் கொதித்தது. "என்ற ஆளையா அடிக்கற?" என்று பாய்ந்தார். அரக்கனை வெட்டிச் சாய்த்தபோது வளையம் மறைந்துபோயிருந்தது. திரையில் 'தோல்வி' என்று வந்தது.

"பழி வாங்கிட்டனுங்களே," என்றார் மூச்சிரைக்க.

"தரணி விழுந்தா உங்ககிட்ட என்னண்ணா சொல்லுவான்?"

"அப்பா, இங்க வாங்க, இங்க வாங்கம்பான்."

"நீங்க?"

"இருடா, இவன முடிச்சுட்டு வர்றேன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். மகனை நினைத்துச் சங்கடமாக இருந்தது. கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"விழுந்தவன எழுப்பறதுக்கு எந்தப் பொத்தானுங்க?"

"பொத்தான் கிடையாதுண்ணா. வாளை உறையில போட்டுட்டு அவன் பக்கத்துல போய் நிக்கோணும். அஞ்சு எண்ணறதுக்குள்ள எந்திரிச்சுருவான்."

"அந்த அஞ்சுக்குள்ள அரக்கன் என்னையப் போட்டு அடிப்பானே அம்மிணி?"

"அடிப்பான்ணா," என்றாள் ஃபர்சானா.