தேரியில் நட்ட பொன்னாங்கண்ணி

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

ஒரு செம்மணல் தேரியின் அடியில் வெள்ளெலிக் கூட்டம் ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. தேரி மணல் இருக்கிறதே, அது இருந்த இடத்தில் இருக்காது. ஆடிக்காற்று எழும்பினால் மேடு நகரும், வளை மூடும். அதனால் ஐப்பசி மழை விழுந்ததும் வளையைச் சுற்றிச் செடி வைப்பது வழக்கம். வேர் பிடித்தால் மணல் நிற்கும்.

எந்தச் செடி என்பதைக் கடித்துப் பார்த்துத்தான் எலிகள் முடிவு செய்யும். வழக்கமாகத் தேரியில் முளைத்ததுதான் பல்லில் படும். அந்த வருஷமோ பேய்மழை! ஓடைக்கரை முழுக்கப் பொன்னாங்கண்ணி தளதளவென்று கிடந்தது. கூட்டத்தின் மூப்பன் பெருமீசை ஒரு வாய் கடித்தது. கண்ணை மூடிக்கொண்டது.

"ஆகா! இந்த வருஷம் இதுதான்!"

"மூப்பரே, வெயில் வந்தா இது நிக்குமா?" என்று கேட்டது கட்டைவால். ஆந்தை ஒன்று அதன் வாலைப் பாதியோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

"ஏன் நிக்காது? வால் குஞ்சத்தை ஓடைச் சுனையில் நனைச்சு வந்து உதறினா ஆச்சு! உனக்குத்தான் வால் இல்லையே, உனக்கென்ன கவலை?"

எல்லா எலிகளும் விழுந்து விழுந்து சிரித்தன.

உண்மைதான். கட்டைவாலால் தண்ணீர் சுமக்க முடியாது. அதனாலேயே அது போன சித்திரையை நினைத்துப் பார்த்தது. அன்றைக்கு எது பச்சையாக நின்றது? எருக்கு நின்றது. சப்பாத்திக்கள்ளி நின்றது. அந்தக் கள்ளி மட்டையை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து, உதடெல்லாம் முள் கிழிக்க, தன் வளையைச் சுற்றிப் பதித்தது. நடுவே எருக்கங்கன்றுகளை ஊன்றியது.

கட்டைவாலின் தங்கை செம்பி வந்து பார்த்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள்.

"ஏக்கா, இது வீடா, சுடுகாடா? மூப்பர் பார்த்தா காறித் துப்புவாரு!"

"துப்பட்டும், அந்த ஈரமாவது மண்ணுக்குக் கிடைக்கும். நீ பிள்ளைகளைத் தூக்கிட்டு இங்க வந்துரு தாயி."

"முள்ளுக்குள்ளயா? நல்லா இருக்கு!" என்று செம்பி போய்விட்டாள்.

பங்குனிவரை வால்கள் ஓயவில்லை. நூறு குஞ்சங்கள் நனைந்து நனைந்தே சுனை பாதியாயிற்று. சித்திரையில் சேறாயிற்று. வைகாசியில் வெடித்தது. பொன்னாங்கண்ணி சருகாகிப் பறந்தது. குடிக்கவும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிழடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"செம்பி, இப்பவாவது வா! கள்ளி மட்டையில சாறு இருக்கு!"

"மூப்பரை விட்டுட்டு நான் மட்டும் வந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க, அக்கா?"

அந்த நாலு பேருக்கும் அப்போது பேச நாக்கில் ஈரமில்லை.

ஆடி பிறந்தது. விடியற்காலையில் எழும்பிய காற்று மூன்று நாள் நிற்கவில்லை. தேரி ஒரு விலங்கு போல ஊர்ந்து வந்து ஏறியது. கட்டைவால் வளைக்குள் சுருண்டு கிடந்தது. தலைக்குமேல் கள்ளி மணலைத் தடுத்து நின்றது.

காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால், வளை இருந்த இடமெல்லாம் வழவழவென்று மணல். கட்டைவால் ஓடிப்போய்த் தங்கையின் வளை இருந்த இடத்தைத் தோண்டியது. நகம் பிய்ந்தது. உச்சி வெயிலில் செம்பி உயிரோடு அகப்பட்டாள். குட்டிகள் அவள் வயிற்றுக்கடியில் கிடந்தன. மூன்றும் குளிர்ந்து போயிருந்தன.

பெருமீசையும் எப்படியோ ஊர்ந்து வெளியே வந்தது. "கட்டைவாலு... உன் வளையில் எனக்கும் இடம் கொடுப்பியா?"

"உள்ள போங்க, மூப்பரே. முள்ளு குத்தும், பார்த்துப் போங்க."

கட்டைவால் செம்பியைக் கூட்டிப்போய் உள்ளே விட்டது. திரும்பி வந்து குட்டிகளின்மேல் மணலைத் தள்ளி மூடியது. பிறகு ஒரு கள்ளி மட்டையைக் கடித்து இழுத்து வந்து, அந்த மணல்மேல் பதித்து, நகம் பிய்ந்த காலால் சுற்றிலும் மிதித்து இறுக்கியது.

மழைக்காலத்து நாக்கை நம்பிச் செடி வைக்காதீர்கள் மக்களே, கோடையில் எது நின்றது என்று பார்த்து வையுங்கள்.