சத்தமில்லாத வண்டிகள்

"சத்தம் போடுற வரைக்கும் வண்டி..." என்று ஒச்சப்பனின் தாய்மாமன் ஏதோ சொல்வார். லாரி ஓட்டியவர். மீதி ஒச்சப்பனுக்கு மறந்துவிட்டது. மாமன் பேச்சு பாதி வசவு, பாதி இருமல். யார் முழுசாய்க் கேட்டார்கள்?

உத்தமபாளையத்தில் ஜைத்தூன் கடைக்குள் நுழையும்போது அந்தப் பாதி நினைவுக்கு வந்தது. அவன் கையில் சாக்கில் சுற்றிய சிலிண்டர் ஹெட், எஞ்சினின் தலைப்பாகம்.

அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் மோட்டார் சைக்கிள் ஹெட் வேலை என்றால் ஜைத்தூனிடம்தான் வருவார்கள். ஒச்சப்பன் அவரிடம் இரண்டு வருஷம் தொழில் பழகிவிட்டு, போடியில் சொந்தக் கடை போட்டவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, நாற்பத்தி மூன்று. ஆனாலும் அக்கா என்பான்.

"நல்ல வால்வே வர்றதில்லக்கா இப்ப. இந்த மாசம் இது மூணாவது ஹெட்டு."

ஜைத்தூன் ஹெட்டைச் சாய்த்துப் பிடித்து, புகை வெளியேறும் துளையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்.

"கையை நீட்டு."

அடியில் நீட்டினான். வால்வு ஒழுங்காக மூடியிருந்தால் ஒரு சொட்டும் இறங்காது.

உள்ளங்கை நனைந்தது.

"யாரு வண்டி?"

"பால்காரர் அய்யர்சாமி. போடிமெட்டு ஏத்தத்துல இழுக்காம நின்னு, பின்னால உருண்டுருச்சு. ஆளு குதிச்சுட்டாரு. கேன் ரெண்டும் பள்ளத்துல."

"அடி?"

"முழங்கால் செராச்சிருக்கு. வால்வு மட்டம்னு சொன்னேன். சரின்னுட்டாரு, பாவம்."

ஜைத்தூன் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில் ஓர் ஓரம் வெந்து, எலி கடித்ததுபோல் இருந்தது.

"ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல சந்து எவ்வளவு விட்ட?"

ராக்கர் என்பது வால்வைத் தட்டித் திறக்கிற கை.

"சந்தா? ஒட்டி வச்சேன். அப்பத்தான டக் டக்குன்னு வராது. நம்ம கைபட்ட வண்டி பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாதுக்கா. ஊரே சொல்லுது."

"சந்து அளக்க நான் குடுத்த தகடு?"

"பெட்டியில இருக்கு."

"துருப்பிடிச்சிருக்குமே."

"எண்ணெய்த்தாள்ல சுத்தி வச்சிருக்கேன். புதுசு மாதிரியே இருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

அலமாரியிலிருந்து ஒரு நல்ல வால்வை எடுத்து, மேசையில் முடுக்கியிருந்த இறுக்குப்பிடியான வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவே நீளவாக்கில் வைத்தார். ஒரு தாள் கனம் இடம் விட்டார். விரலால் ஆட்டினார்.

டக். டக்.

"சத்தம் வருதா?"

"வருது."

"நிறுத்து. ஊரு மெச்சுற கையாச்சே."

ஒச்சப்பன் கைப்பிடியை ஒரு மயிரிழை திருகினான். சத்தம் நின்றது. வால்வை உருவிக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தான். இறுக்கவில்லை, ஒட்டித்தான் வைத்திருக்கிறேன் என்பதுபோல.

ஜைத்தூன் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து வால்வின் மேல் பிடித்தார். தண்டு மங்கிச் சிவந்தது.

"இப்ப எடு."

குறடால் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். வைஸ் மேசையோடு ஆடியது.

"சத்தம் வருதா?"

"இல்ல."

"பெறகென்ன. நல்ல வேலைதான்."

சூட்டில் நீண்ட வால்வு, நீள இடமில்லாமல், மூட முடியாமல், போடிமெட்டு வளைவில் வாயைத் திறந்துகொண்டு நெருப்பை விட்டுக்கொண்டிருந்ததை ஒச்சப்பன் அப்போது மனசில் பார்த்தான்.

குறடைக் கீழே வைத்தான்.

"மத்த ரெண்டு ஹெட்டு?"

"அதுவும் நான் வச்சதுதான்."

"இன்னும் ஓடிக்கிட்டிருக்கறது எத்தனை?"

விரல் விட்டான். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. நடுவில் ஒரு தரம் நின்று, யாரையோ நினைத்துக்கொண்டு, மறுபடி எண்ணினான்.

"இருபத்தாறு."

"மலைக்குப் போறது?"

"பாதிக்கு மேல."

ஜைத்தூன் அய்யர்சாமி ஹெட்டில் புது வால்வைப் போட்டு, அது இடைவெளியில்லாமல் உட்காரும்படி தேய்க்க ஆரம்பித்துவிட்டார். தேய்க்கிற குச்சி உள்ளங்கைகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் சுழன்றது.

"எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்க்கா. கடைக்கு வரட்டும்."

"எதுக்கு வருவாங்க?"

ஜைத்தூன் நிமிராமலே கேட்டார்.

"சத்தம் வந்தா வருவாங்க. ஒன் வண்டியிலதான் சத்தமே இல்லையே."

குச்சி சுழன்றுகொண்டே இருந்தது. ஒச்சப்பன் வைஸையே பார்த்துக்கொண்டு நின்றான். வால்வு ஆறி, தானாகவே கழன்று மேசையில் விழுந்தது.

"எங்க மாமா ஒண்ணு சொல்வாருக்கா. சத்தம் போடுற வரைக்கும் வண்டின்னு ஆரம்பிப்பாரு. அதுக்கப்புறம் என்ன?"

"ஒங்க மாமனை எனக்கெப்பிடிப்பா தெரியும்?"

வேலை முடிந்த ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒச்சப்பன் பஸ் ஏறினான். தேவாரம் தாண்டும்போது முடிவுசெய்தான்: நாளைக்குக் கடையைத் திறப்பதில்லை. இருபத்தாறு வீட்டுக்கும் போய், வண்டியைக் கெடுத்தது தான்தான் என்று சொல்லி, சத்தத்தைத் திரும்ப வைத்துக் கொடுப்பது. அதற்கும் முன்னால் அய்யர்சாமி வீடு.