உளுந்து வேருல முடிச்சு விழுந்த கதை

மண்ணு, வேரு, பயிரு எல்லாத்துக்கும் வாய் இருந்த காலம் அது. வாய் இருந்தா சண்டை இல்லாம இருக்குமா? கரிசக்காட்டுல அப்ப ஓயாத சண்டை.

அப்பல்லாம் உளுந்து வேரு நூல் மாதிரி வழவழன்னு இருக்கும். மண்ணுக்குள்ள கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிருங்க இருந்துச்சுங்க. காத்தைப் பிடிச்சுச் சோறாக்குற வித்தை அதுகளுக்குத்தான் தெரியும். ஆக்குன சோத்தை வேரு வாசல்ல கொண்டாந்து குடுக்கும். உளுந்து பதிலுக்குக் கொஞ்சம் இனிப்புச் சாறு ஊத்தும். ரெண்டு பக்கமும் வயிறு நெறைஞ்சுச்சு. இதோட விட்டிருக்கலாம்ல? விடலையே.

அந்தக் காட்டுக்காரன் சடையாண்டி. விருந்தாளி போதும்னு இலையை மடிச்சாலும், அதை விரிச்சு மறுபடியும் சோறு போடுற ஆளு. பக்கத்துக் காட்டுக்காரன் ஒருநாள், "என்னவே, உம்ம உளுந்து ஒல்லியா நிக்கி, பட்டினி போடுதீரோ?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். அது போதாதா? ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. வண்டி வண்டியா ஆட்டெருவைக் கொண்டாந்து கொட்டுனான். பொண்டாட்டி வெள்ளத்தாய் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தா. கேட்டாத்தானே?

உளுந்துக்கு வந்த திமிரைப் பார்க்கணுமே. காலடியிலயே விருந்து கெடக்கு, இனி இந்தப் பொடிசுகளுக்கு எதுக்குச் சாறுன்னு வாசலைச் சாத்திருச்சு. நுண்ணுயிருங்க பட்டினியோட கெளம்பிப் போய் ஓடைக்கரை ஈர மண்ணுல ஒதுங்கிருச்சுங்க.

உளுந்து இடுப்பளவு வளந்துச்சு. இலை, இலை, வெறும் இலைதான். பூ எங்க, காய் எங்க? அப்புறம் ஒரு பேய்மழை வந்து எருச்சாரத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. உளுந்து மஞ்சளாகிச் சுருண்டு விழுந்துச்சு. வீட்டுல மிச்சம் இருந்தது ஒரு படி விதை. அதுவும் போனா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

வெள்ளத்தாய் அந்த விதையை மடியில கட்டிக்கிட்டு நுண்ணுயிருங்களைத் தேடி ஓடைக்கரைக்குப் போனா. கொட்டுனது ஒருத்தன், சாத்துனது இன்னொண்ணு, கெஞ்ச மட்டும் இவளா? மடியில இருந்த விதை வாயே திறக்கலை. அவ்வளவு வீம்பு.

நுண்ணுயிருங்க கறாராப் பேசுச்சுங்க. "இனி வாசல்ல நின்னு கை நீட்ட மாட்டோம். வேருலயே எங்களுக்கு வீடு வேணும். வீடு கட்டுற வரைக்கும் அடியில கொஞ்சம் எரு போடு. அதுக்கு மேல கொட்டுனா வரவே மாட்டோம்."

சரின்னு சொல்லி, ஈர மண்ணோட அள்ளிக்கிட்டு வந்தா. விதையில ஏத்துனா ஒட்ட மாட்டேங்குது, வழுக்கி வழுக்கி உதிருது. பிள்ளைகளுக்குன்னு வச்சிருந்த கடைசிக் கஞ்சி பானையில ஆறிக் கெடந்துச்சு. எடுத்தா, விதை மேல ஊத்திட்டா.

சடையாண்டி பதறிட்டான். "ஏட்டி, பிள்ளைக என்னத்தக் குடிக்கும்?"

"ஒம்ம ரோசத்தக் குடிக்கட்டும். தள்ளி நில்லும்."

கஞ்சிப் பசையில விதையும் நுண்ணுயிரும் ஒட்டிக்கிச்சு. வெயில் படாம நிழல்ல உலர்த்தி, அன்னைக்கே விதைச்சா. பிள்ளைங்க தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துச்சுங்க. செடி வளந்த பெறகு ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தா, வேரெல்லாம் குட்டிக் குட்டி முடிச்சு. கிள்ளுனா உள்ள இளஞ்செவப்பு. வீட்டுக்குள்ள ஆளு இருக்கு. அந்த வருசம் காய் கொத்துக் கொத்தாப் பிடிச்சுச்சு.

அன்னையிலருந்துதான் உளுந்து விதையை ஆறுன கஞ்சியில நுண்ணுயிரோட பெசறி, நிழல்ல உலர்த்தி விதைக்கிறாங்க. எருவோ யூரியாவோ, அளவு மீறிக் கொட்டுன காட்டுல உளுந்து வேரு முடிச்சுப் போடாம மொட்டையா நிக்குறதும் அன்னையிலருந்துதான். இவ்வளவுக்கு அப்புறமும் கொட்டுறவன் கொட்டிக்கிட்டேதான் இருக்கான்.